மார்த்தாண்டத்துத் தேன்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில், குழித்துறை ஆற்றின் அருகே அமைந்த ஊர் மார்த்தாண்டம். அவ்வழியே செல்வோர், கடைத்தெருவில் தேன்குப்பிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். சில குப்பிகளில் உள்ள தேன் பொன்னிறமாக இருக்கும். சிலவற்றில் கருஞ்சிவப்பாக இருக்கும். சிலவற்றில் நெய்யைப்போல் உறைந்து நிற்கும். இத்தேன் முழுவதும் ஏதோ ஒரு பெருந்தொழிற்சாலையில் உண்டானது என்று எண்ணிவிடலாகாது. ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், வீட்டு முற்றத்திலும் தென்னந்தோப்பிலும் மரப்பெட்டிகளை நிறுத்தித் தேனீ வளர்க்கும் எளிய குடும்பங்கள் பலவற்றின் உழைப்பு அது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அஃதாவது, அப்பகுதியில் விளைந்த தேனுக்கன்றிப் பிற தேனுக்கு அப்பெயரை இட்டு விற்றல் கூடாது என்பதாம். பெயரைக் காக்கச் சட்டம் வந்தது. பெயருக்குரிய தூய்மையைக் காக்கும் பொறுப்போ இன்றும் அக்குடும்பங்களின் கையிலேயே உள்ளது. அஃது எத்துணை அரிய பொறுப்பு என்பது, அவர்கள் ஓராண்டுக் காலம் செய்யும் தொழிலை உற்று நோக்கினால் விளங்கும்.

தேன் தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. அதனை நறவு என்றும் பிரசம் என்றும், தேனடையை இறால் என்றும் பழந்தமிழர் வழங்கினர். தேன் என்னும் சொல்லே வண்டினத்தையும் குறிக்கும். தேனெடுத்தல் குறிஞ்சி நில மக்களின் தொழில்களுள் ஒன்று. எனினும், தேன் எடுத்தல் வேறு. தேனீ வளர்த்தல் வேறு. முன்னதில் ஈக்களைப் புகையால் ஓட்டி, அடையை அறுத்து, பிழிந்து கொள்வர். அடையிலுள்ள முட்டையும் புழுவும் தேனோடு நசுங்கி அழியும். வீடிழந்த ஈக்கள் எங்கேனும் சென்றுவிடும். தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் மக்கள் மண்பானைகளை வைத்து அவற்றில் ஈக்களைக் குடியேறச் செய்த வழக்கமும் இருந்தது. ஆயினும், பானையிலிருந்து தேன் எடுக்க வேண்டுமாயின் அங்கும் அடையை அறுத்தே தீர வேண்டும். உறையும் இடம் மாறியதே தவிர, அழிவு மாறவில்லை.

எல்லாத் தேனீக்களும் பெட்டியில் அடங்கி வாழா. மலைத்தேனீ உயர்ந்த பாறைகளிலும் நெடுமரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டித் திறந்த வெளியில் வாழ்வது, சினம் மிக்கது. கொம்புத்தேனீ சிறு கிளையில் உள்ளங்கை அளவே அடை கட்டும். கொசுத்தேனீக்குக் கொடுக்கு இல்லை. சுவர் இடுக்குகளில் வாழ்ந்து மிகச் சிறிதளவே தேன் சேர்க்கும். மரப்பொந்திலும் பாறை வெடிப்பிலும் இருளை நாடி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடைகளை அடுக்கிக் கட்டும் இயல்புடையது இந்தியத் தேனீ. பொந்தில் வாழப் பழகிய அதற்குப் பெட்டியும் ஒரு பொந்தே ஆகும். மார்த்தாண்டத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் வளர்ப்பது இதனையே.

அடையை அழிக்காமல் தேன் எடுக்கும் வழி பிறந்தது ஒரு சிறிய அளவைக் கண்டறிந்ததனால் ஆகும். அடைக்கும் அடைக்கும் இடையே தாம் நடமாடுவதற்கு வேண்டிய இடைவெளியைத் தேனீக்கள் எப்போதும் ஒரே அளவாக விட்டு வைக்கின்றன. இடம் அதனினும் மிகுந்தால் அடை கட்டி அடைத்துவிடும். குறைந்தால் பிசின் பூசி மூடிவிடும். அமெரிக்க நாட்டினராகிய லாங்ஸ்டிராத் என்பார் 1851-ஆம் ஆண்டில் இதனை உணர்ந்து, அவ்விடைவெளி விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்ட பெட்டியை அமைத்தார். ஈக்கள் சட்டத்திற்குள்ளேயே அடை கட்டின; சட்டத்தைப் பெயர்த்து எடுக்கவும் மீண்டும் வைக்கவும் முடிந்தது. ஆயினும் அப்பெட்டி மேனாட்டுத் தேனீக்கு ஏற்ற அளவினது. உருவிற் சிறிய நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை, திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த நியூட்டன் என்னும் பாதிரியார் 1910-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்தார். ஊர் மக்கள் பலர்க்கும் அதனைக் கையாளப் பயிற்சி அளித்தார். நியூட்டன் பெட்டி என்று அவர் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகின்றது.

அம்முறை மார்த்தாண்டத்தில் வேரூன்றுவதற்குக் காரணமாயிருந்தவருள் ஒருவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். அவர் 1920-களில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் அவ்வூரில் ஒரு கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்தினார். அப்போது அவ்வூர் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது; தமிழகத்தோடு இணைந்தது 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில். அங்கே மக்கள்தொகை மிகுதி. ஒருவர்க்கு உரிய நிலமோ மிகக் குறைவு. நிலமே இல்லாதவனும் செய்யத்தக்க தொழில் எது என்று ஆராய்ந்தவர்க்குத் தேனீ வளர்ப்பு தோன்றியதில் வியப்பில்லை. பெட்டி வைக்க ஒரு முழ இடம் போதும். ஈக்கள் மேயும் நிலத்திற்கு வேலியும் இல்லை, வரியும் இல்லை.

பெட்டியின் கீழ்ப்பகுதி புழுவறை எனப்படும். அதில் ஏழு சட்டங்கள் தொங்கும். அங்கேதான் இராணித்தேனீ முட்டையிடும், புழுக்கள் வளரும். அதன்மேல் வைக்கப்படும் மற்றோர் அறை தேனறை. தமக்கு வேண்டியது போக எஞ்சிய தேனை ஈக்கள் மேலே சேர்க்கும். மேலறைத் தேனை மட்டும் எடுத்துக் கொண்டு, கீழறைத் தேனை ஈக்களுக்கே விட்டுவிடுதல் இத்தொழிலின் முதல் ஒழுங்கு. கூட்டம் ஒன்றில் இராணி ஒன்றே. ஆண் ஈக்கள் சில நூறு. அவை தேன் சேர்க்கும் தொழிலில் ஈடுபடா. பல்லாயிரமாக உள்ள பணித்தேனீக்களே கூட்டின் உழைப்பாளர்கள். புழுக்களுக்கு உணவூட்டல், மெழுகு சுரந்து அடை கட்டல், வாயிலில் காவல் நிற்றல், வெளியே சென்று மதுவும் மகரந்தமும் கொணர்தல் என, வயது ஏற ஏற அவற்றின் பணி மாறுகின்றது. தேன் மிகும் காலத்தில் பணித்தேனீயின் வாழ்நாள் ஏறத்தாழ ஆறு வாரமே. ஆகவே, தை மாதத்தில் கூட்டில் இருந்த பணித்தேனீக்களுள் ஒன்றும் சித்திரையில் இராது என்னலாம். கூட்டமோ இருக்கும்.

இனி, மார்த்தாண்டத் தேனின் தனித்தன்மை ஒன்றுண்டு. தேன் மலரில் பிறப்பது என்றே நாம் கேட்டிருக்கின்றோம். மார்த்தாண்டத் தேனின் பெரும்பகுதியோ இலையில் பிறப்பது. குலசேகரம், பேச்சிப்பாறை முதலிய மலைசார்ந்த இடங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும். பின்னர்ச் செந்தளிர் விடும். அதன் இலை மூன்று சிற்றிலைகள் கூடியது. அம்மூன்றும் காம்பிற் கூடும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. தளிர் முற்றி வரும் வாரங்களில் அவற்றில் இனிய நீர் சுரந்து துளியாய் நிற்கும். பிப்பிரவரி முதல் ஏப்பிரல் வரையில் ஈக்கள் அதனை நாடிப் பறக்கும். தேனுக்கு மலரையே உவமைகூறிப் பழகிய புலவர் நெஞ்சுக்கு இச்செய்தி சற்றே கசக்கும், தேன் கசப்பதில்லை.

தோட்டம் மலைப்பக்கம், வளர்ப்பவர் வீடோ வேறிடம். ஆகவே பருவம் தொடங்கும் முன்னர்ப் பெட்டிகளைக் கொண்டு செல்ல வேண்டும். மாலையில் ஈக்கள் அனைத்தும் கூடு திரும்பிய பின், வாயிலை அடைத்து, அறைகள் நழுவாதவாறு கயிற்றால் பிணித்து, வண்டியில் ஏற்றி இரவிலேயே செல்வர். விடியும்போது பெட்டிகள் புதிய இடத்தில் மரநிழலில் நிற்கும். சிறு தொலைவு மாற்றினால் ஈக்கள் பழைய இடத்திற்கே பறந்து சென்று, பெட்டியைக் காணாமல் அலைந்து மடியும். அவை பறந்து பழகிய எல்லைக்கு அப்பால் வைத்தால், புதிதாக வழி கற்றுக்கொள்ளும். ஒரு காதம் தூக்கிச் செல்வதைக் காட்டிலும் ஒரு வீதி தள்ளி வைப்பதில் இடர் மிகுதி என்பது விந்தையன்றோ?

ஈ கொணர்ந்த இனிய நீர் உடனே தேன் ஆகிவிடாது. அதில் நீரே மிகுதி. ஈக்கள் அதனை வாய்மாற்றி வாய்மாற்றி, தம் உடலிற் சுரக்கும் பொருளைச் சேர்த்து, அதிலுள்ள கரும்புச் சர்க்கரை போன்ற இனிப்பை இருவகை எளிய சர்க்கரைகளாக மாற்றுகின்றன. பின் அடையின் கண்ணறைகளில் வைத்து, இரவெல்லாம் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்கின்றன. தேன்காலத்து இரவில் பெட்டியருகே செவி வைத்தால் ஒரு முழக்கம் கேட்கும். அது விசிறும் ஒலி. தேன் பக்குவம் அடைந்தவுடன் ஒவ்வொரு கண்ணறையையும் மெல்லிய மெழுகால் மூடி முத்திரை இடுகின்றன. அம்மூடியே முதிர்ந்தமைக்குச் சான்று. அடையில் பெரும்பகுதி மூடப்பட்ட பின்னரே சட்டத்தை எடுத்தல் வேண்டும்.

கேட்பதற்கு எளிய விதி, கைக்கொள்வதற்கோ அரியது. மூடாத தேனை எடுத்தால் அளவு மிகுதியாய்க் கிடைக்கும். எடுத்த அடையை மீண்டும் வைத்தால் ஈக்கள் உடனே நிரப்பத் தொடங்கும். வானம் கறுக்கின்றது, கோடைமழை பெய்தால் இலையிலுள்ள இனிப்பெல்லாம் கழுவுண்டு போகும். வணிகர் வாயிலில் காத்திருக்கின்றார். பிள்ளைகளின் பள்ளிச் செலவு முன்னிற்கின்றது. இந்நிலையில் இன்னும் நான்கு நாள் பொறுப்பதற்கு நெஞ்சுறுதி வேண்டும். பொறாமல் எடுத்த தேன் கண்ணுக்கு வேறுபாடு காட்டாது. சில திங்கள் கழித்து, வாங்கியவர் வீட்டில், நுரைத்துப் புளிக்கும், மூடி பெயரும். இந்தியத் தேனீயின் தேனில் இயல்பாகவே நீர் சற்று மிகுதி. நம் நாட்டு உணவுச் சட்டமோ தேனில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நீர் இருத்தல் ஆகாது என்கின்றது. இதனால் சிலர் தேனைச் சூடேற்றி நீரைக் குறைப்பர். கொதிநீர்ப் பாத்திரத்தின் உள்ளே வைத்து அளவாகச் சூடேற்றுவது ஒரு முறை. நெருப்பின்மேல் நேரே வைத்துக் காய்ச்சினால் நீரோடு மணமும் போய்விடும்.

தேன் எடுக்கும் நாள் குடும்பம் முழுவதற்கும் வேலைநாள். தந்தை புகைப்பானில் கதம்பைத் துண்டை இட்டு மூட்டி, மெல்லிய புகையை வாயிலில் ஊதுவார். புகை கண்ட ஈக்கள் தேனை வயிறு நிறையக் குடித்துச் சினம் தணியும். அவர் சட்டத்தை எடுத்து உதறித் தருவார். தாய் கூரிய கத்தியால் மெழுகு மூடியைச் சீவுவார். மூத்த பிள்ளைகள் சட்டங்களை உருளைப் பாத்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுழற்றுவர். சுழற்சியால் தேன் சிதறிப் பாத்திரத்தின் சுவரில் பட்டு வடியும். அடை சிதையாமல் வெறுமையாய் நிற்கும். அதனை மீண்டும் பெட்டியில் வைத்தால் ஈக்கள் புதிய அடை கட்டும் உழைப்பு மிஞ்சும். சீவிய மெழுகில் ஒட்டிய தேன் சிறுவர் பங்கு. அதற்குப் போட்டி உண்டு.

ஜூன் திங்களில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். பின்னர் வடகிழக்குப் பருவமழையும் வரும். இரு மழையையும் பெறும் அந்நாட்டில் ஈக்களுக்குப் பஞ்சகாலம் நீண்டது. வெளியே செல்ல வெயில் இல்லை. சென்றாலும் மது இல்லை. பசித்த கூட்டம் ஒருநாள் காலையில் பெட்டியை விட்டு எழுந்து பறந்துவிடும். ஆதலால் வளர்ப்போர் சர்க்கரையை நீரிற் கரைத்துப் பாகாக்கிச் சிறு கிண்ணத்தில் வைத்து ஊட்டுவர். இது குற்றம் அன்று. பசித்த மாட்டிற்கு வைக்கோல் இடுவது போன்றது. தேன்பருவம் தொடங்குமுன் அதனை அறவே நிறுத்திவிடல் வேண்டும். தேனறை ஏறிய பின்னரும் பாகு வைப்பவன், ஈயின் வாயால் சர்க்கரையைத் தேன்போல் ஆக்கி விற்பவன் ஆவான். அவனைப் பிறர் காண்பது அரிது. பெட்டி அவனுடையது, முற்றம் அவனுடையது, இரவு எல்லார்க்கும் பொது.

மழைக்காலத்தில் வேறு பகைகளும் உண்டு. எறும்பு ஏறாதிருக்கப் பெட்டியைத் தாங்கும் காலை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துவர். வலுக்குன்றிய கூட்டில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடையை நூலாம்படை ஆக்கிவிடும். குளவி வாயிலில் நின்று ஈயைப் பற்றும். பஞ்சுருட்டான் குருவி பறக்கும்போதே பிடிக்கும். இவற்றையெல்லாம் விஞ்சிய பேரழிவு ஒன்று 1991-ஆம் ஆண்டில் தென்னாட்டில் தோன்றியது. தாய்லாந்து நாட்டின் பெயரால் வழங்கும் நச்சுயிரி நோய் அது. புழு கூட்டுப்புழு ஆகாமல், நீர் நிறைந்த பை போலாகித் தலை நிமிர்ந்து மடியும். இளந்தலைமுறை அற்ற கூட்டில் மூத்த ஈக்கள் நாள் கழிந்து இறக்க, சில வாரங்களில் பெட்டி வெறுமையாகும். மருந்து இல்லை. தென்னாட்டில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் அழிந்தன என்று மதிப்பிட்டனர். நேற்றுவரை முழங்கிய முற்றங்கள் வாயடைத்துக் கிடந்தன. இத்தாலியத் தேனீயைக் கொணர்ந்து வளர்த்தோரும் உண்டு. அது தேன் மிகுதியாய்த் தருவது. உணவும் மிகுதியாய்க் கேட்பது. பொறுமையுள்ள சிலர், எஞ்சிய நாட்டுக் கூட்டங்களுள் நோயைத் தாங்கி நின்றவற்றைத் தேர்ந்து, அவற்றிலிருந்தே பிரித்துப் பிரித்துப் பெருக்கினர். இன்று அந்நாட்டில் நிற்கும் பெட்டிகளில் வாழ்வன பெரும்பாலும் அவ்வாறு தப்பிப் பிழைத்தவற்றின் வழிவந்தவை. நோயும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆங்காங்கே தலைகாட்டிக்கொண்டே இருக்கின்றது.

இத்துணை இடர் கடந்து வந்த தேனை விற்கப் புகும்போது கடைசிச் சோதனை காத்திருக்கின்றது. சிலர் கூட்டுறவுச் சங்கத்திற்கு அளப்பர். சிலர் வணிகர்க்கு மொத்தமாகத் தருவர். வீட்டு வாயிலில் குப்பிகளை வைத்துத் தாமே விற்போரும் உளர். தாமே விற்றால் ஊதியம் மிகும். வாங்குவோர் ஐயத்திற்கும் தாமே விடை கூற வேண்டும். இரப்பர்த் தேனுக்கு விரைவில் உறையும் இயல்பு உண்டு. அதிலுள்ள இருவகைச் சர்க்கரைகளுள் ஒன்று மணிமணியாய்த் திரண்டு அடியில் படியும். தூய தேனிலும் இது நிகழ்வதே. வாங்குவோரோ, "சர்க்கரை படிந்திருக்கின்றது, இது போலி" என்று எறிந்துவிடுகின்றனர். பாகு கலந்த தேனோ பல வேளைகளில் உறையாமல் தெளிவாக நின்று நற்பெயர் பெறுகின்றது! நீரில் விட்டால் கரையாமல் இறங்க வேண்டும், தாளில் ஊறலாகாது, தீக்குச்சியில் தோய்த்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கலாகாது என்றெல்லாம் ஊரார் கூறும் சோதனைகளுள் ஒன்றும் நம்பத்தக்கது அன்று. கெட்டியான பாகும் அவற்றில் தேறிவிடும். கரும்புச் சர்க்கரை கலந்திருந்தால் அதிலுள்ள கரியின் வகையை அளந்து ஆய்வுக்கூடத்தார் கண்டுபிடிப்பர். அரிசியிலிருந்து ஆக்கிய பாகு அவ்வளவைக்கும் தப்பிவிடும் ஆதலின், வேறு ஆய்வுகளும் வேண்டியுள்ளன. வாங்குவோர் ஒவ்வொருவரும் குப்பியோடு ஆய்வுக்கூடம் செல்லுதல் இயலுமோ?

தேன்குப்பிகளை அடுக்கி வைத்த ஒரு வீட்டு வாயிலில் நிகழ்வதைக் காண்க. நகரத்தார் ஒருவர் குப்பியைத் தூக்கிப் பார்க்கின்றார்.

"என்ன அம்மா, அடியில் சர்க்கரை நிற்கின்றதே?"

"அது தேன் உறைந்தது ஐயா. இரப்பர்த் தேன் இப்படித்தான் இருக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"சொல்வார்கள்தாம். தெளிவாக இருப்பதுதான் வேண்டுமென்றால், அதோ அந்தக் கடையில் கிடைக்கும். நான் குறை சொல்லவில்லை. வீட்டில் கைக்குழந்தை உண்டா ஐயா?"

"ஆறு மாதப் பேரன் இருக்கின்றான்."

"அவனுக்கு நாக்கில்கூடத் தடவாதீர்கள். ஒரு வயது நிரம்பும் வரையில் தேன் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் உண்ணலாம்."

விற்பவர் வாயிலிருந்து இத்தகைய சொல்லை எதிர்பாராத அவர், குப்பியைக் கீழே வைக்காமல் நிற்கின்றார். அம்முதியவள் உள்ளே திரும்பி, "மக்களே, வெந்நீர் கொண்டு வா" என்கின்றாள். கை பொறுக்கும் அளவு சூடான நீரில் குப்பியை வைத்து, அவர்க்கு ஒரு முக்காலியை இழுத்துப் போடுகின்றாள். முற்றத்துப் பெட்டிகளின் வாயிலில் ஈக்கள் வருவதும் போவதுமாக உள்ளன. அவற்றின் கால்களில் தென்னம்பூவின் மஞ்சள் மகரந்தம் உருண்டையாய் ஒட்டியிருக்கின்றது. அரைமணி நேரத்தில் குப்பியின் அடி தெளியத் தொடங்குகின்றது.